இடிப்பதற்கு முன் ஒரு சொல்

சாமல்பட்டி இருப்புப்பாதை நிலையத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்கள் பாட்டனார் கட்டிய வீடொன்று இருந்தது. இருந்தது என்றுதான் எழுத வேண்டியிருக்கிறது. சென்ற ஆண்டு அதனை இடித்துவிட்டோம். இடித்தவர் வேறெவருமல்லர், நாங்களே. பங்காளிகள் ஐவரும் கூடிப் பேசி, கையொப்பமிட்டு, இயந்திரத்தை வரவழைத்து, இரண்டே நாளில் தரைமட்டமாக்கினோம். ஆகவே இக்கட்டுரையில் நாம் யாரைக் கடிந்து பேசினாலும், அக்கடிதலில் முதற்பங்கு எங்களுக்கே உரியது என்பதைத் தொடக்கத்திலேயே ஒப்புக்கொள்ளுகிறோம்.

அது அரண்மனையன்று. புளி மண்டியும் மாங்காய்க் குத்தகையும் நடத்திய ஒரு நடுத்தர வணிகரின் இல்லம். தெருவைப் பார்த்த திண்ணை, கற்றூண் நான்கு, நடுவே முற்றம், முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரம், மேலே நாட்டு ஓடு, உள்ளே இருண்டு குளிர்ந்த ஓர் அறை. தலைவாசற் கதவின் மேற்கட்டையில் ஹிஜ்ரி 1337 என்று அரபு எண்களில் செதுக்கியிருந்தார்கள். கிறிஸ்து ஆண்டுக் கணக்கில் அது 1918-19. அந்தக் கதவையும் நிலையையும் பழம்பொருள் வாணிகர் ஒருவர் விலைபேசி எடுத்துப் போனார். சில மாதங்களுக்குப் பின் பெங்களூர் நெடுஞ்சாலையில் ஓர் உணவு விடுதிக்குள் நுழைந்த நாங்கள், அதே கதவு படுக்க வைக்கப்பட்டு, மேலே கண்ணாடி பரப்பி, உண்ணும் மேசையாக நிற்கக் கண்டோம். எங்கள் பாட்டனார் பிஸ்மி சொல்லித் திறந்து நுழைந்த கதவின் ஆண்டெண்ணின் மேல் யாரோ ஒருவருடைய எச்சில் தட்டு இருந்தது. பணம் வாங்கிக் கொண்டவர்கள் நாங்கள். கோபப்படும் தகுதியும் எங்களுக்கில்லை.

இதனினும் பெரிய இழப்பு வேறொன்று. இருட்டறையில் ஒரு மரப்பெட்டி. அதனுள் அரபுத் தமிழில் எழுதிய ஏடுகள். வரவு செலவுக் கணக்கு, பிறந்தவர் இறந்தவர் நாட்கள், நிக்காஹ் விவரம், யாரோ ஒருவர் கைப்படப் பெயர்த்தெழுதிய மார்க்கச் சட்டக் குறிப்புகள். எங்கள் அத்தாவின் தலைமுறைக்கு அவ்வெழுத்தை எழுத்துக் கூட்டிப் படிக்கவாவது தெரிந்தது. எங்களுக்கு அதுவும் தெரியாது. தெரியாததனால் அது குப்பை என்று கொண்டோம். இடிக்க வந்தவர்கள் அவ்வேடுகளைக் கொண்டு தேநீர் காய்ச்சினார்கள். அருகிலேயே நின்று அத்தேநீரைப் பருகியவர்களும் நாங்களே.

கோட்டைக்குக் காவல் உண்டு, குடிலுக்கு உண்டா?

பழமையைப் போற்றுவதில் நம் நாடு பின்தங்கிவிடவில்லை என்று சிலர் சொல்லக்கூடும். நம் மாவட்டத்தையே பார்ப்போம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டையும் இராயக்கோட்டையும் மத்தியத் தொல்லியல் துறையின் காவலில் இருக்கின்றன. ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட பாராமகால் சீமை இது. 1791-இல் இராயக்கோட்டை ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 1792-ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் சீமை முழுவதும் கும்பினியாரைச் சேர்ந்தது. அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் இங்கிருந்துதான் நிலவரித் திட்டத்தை வகுக்கத் தொடங்கினார்கள். இவையெல்லாம் ஏட்டில் இருக்கின்றன. கோட்டைச் சுவர்களும் நிற்கின்றன. ஒசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் இராஜாஜி பிறந்த ஓட்டு வீட்டைத் தமிழக அரசு நினைவில்லமாக வைத்துக் காத்து வருகிறது. பள்ளிப் பிள்ளைகள் அங்கே செல்லுகிறார்கள். நாட்டின் தலைமை ஆளுநராக உயர்ந்த ஒருவர் இத்துணை எளிய வீட்டிலா பிறந்தார் என்று வியந்து திரும்புகிறார்கள். அந்த வியப்பு நூறு பாடப்புத்தகங்களுக்குச் சமம். அவ்வில்லத்தைக் காத்தவர்களை நாம் மனமாரப் பாராட்டுகிறோம்.

ஆனால் எண்ணிப் பாருங்கள். கோட்டை கட்டியவன் அரசன். அதற்குக் காவல் உண்டு. புகழ்பெற்ற தலைவர் பிறந்த வீட்டுக்கும் காவல் உண்டு. கோட்டைக்கும் தலைவருக்கும் இடையே வாழ்ந்த எண்ணிறந்த மக்களின் இல்லங்களுக்கு யார் காவல்? 1958-ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறாண்டு கடந்த கட்டடத்தைத் தொன்மைச் சின்னமாக அறிவிக்க இடமளிக்கிறது. எங்கள் வீடும் நூறு கடந்ததுதான். ஆயினும் குடியிருக்கும் வீட்டை அவ்வாறு அறிவிப்பது அரிதினும் அரிது. தமிழகச் சட்டமன்றம் 2012-இல் மரபுச் சின்ன ஆணையத்துக்கென ஒரு சட்டம் இயற்றியது. அது நடைமுறையைக் காணப் பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று. அதற்குள் எத்தனை முற்றங்கள் மூடப்பட்டன, எத்தனை திண்ணைகள் கடைகளாயின என்பதை அவரவர் ஊரில் அவரவரே எண்ணிக்கொள்ளலாம்.

ஒசூரில் 1970-களில் தொழிற்பேட்டை எழுந்தது முதல் இந்த எல்லைப்புறத்தில் நிலத்துக்கு வந்த விலை சுவருக்கு வரவில்லை. வீடு என்றால் மனை. மனை என்றால் சதுர அடி. நம் மாவட்டத்துக் கருங்கல்லை அறுத்து மெருகேற்றிக் கடல் கடந்து அனுப்புகிறோம். அதே கல்லில் நம் பாட்டன்மார் உளிகொண்டு செதுக்கிய தூண்களை உடைத்து ஜல்லியாக்கிப் புதுவீட்டின் அடித்தளத்தில் கொட்டுகிறோம். எங்கள் வீட்டுத் தூண்கள் நான்கில் மூன்றுக்கு நேர்ந்த கதி அதுவே.

"கட்டடப் பற்று மார்க்கத்துக்கு ஆகுமா?"

இப்படி எழுதினால் உடனே ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவோம். "உலகமே தங்குமிடம், அதில் கட்டடத்தின் மேல் பற்று வைப்பது மூமினுக்கு அழகா? கல்லையும் மரத்தையும் போற்றுவது வேறு எதிலோ கொண்டுபோய் விடாதா?" என்று நம்மில் சிலர் கேட்கிறார்கள். நல்லெண்ணத்தோடு கேட்பவர்களுக்கு நாம் பணிவுடன் விடை கூறுகிறோம்.

எளிமையே மார்க்கம் என்பதில் நமக்கு இரண்டாம் கருத்தில்லை. ஆனால் பழைய வீட்டை எளிமைக்காக இடித்தவர் எவரையேனும் நீங்கள் கண்டதுண்டா? இடித்த இடத்தில் எழுவது என்ன? மூன்றடுக்கு மாளிகை, பளபளக்கும் தரை, ஆளில்லா அறைகள், வளைகுடாவில் உழைத்துத் தேய்ந்த ஒருவர் ஆண்டுக்கு ஒரு திங்கள் வந்து தங்குவதற்காக எட்டுக் குளியலறை. வீண்விரயம் எதுவென்று கேட்டால், இருந்த வீட்டைச் செப்பனிட்டு வாழ்வதையா காட்டுவீர்கள்? கல்லைப் போற்றும்படி நாம் சொல்லவில்லை. அக்கல்லின் நிழலில் ஹலாலான உழைப்பால் வாழ்ந்தவர்களை நன்றியோடு நினைக்கும்படி சொல்லுகிறோம். பெற்றோரின் கைப்பாட்டை மண்ணோடு மண்ணாக்குவது எந்த நூலில் நற்செயலாகச் சொல்லப்பட்டிருக்கிறது?

இன்னொன்றும் உண்டு. நம்மை நேற்று வந்தவர்கள் என்று சொல்லத் துணியும் குரல்கள் இந்நாட்டில் ஒலித்துக்கொண்டுதானிருக்கின்றன. அவற்றுக்கு நாம் மேடைகளில் விடை சொல்லுகிறோம், தீர்மானங்கள் நிறைவேற்றுகிறோம். ஆனால் நூறாண்டு, இருநூறாண்டு இம்மண்ணில் இவ்வூராரோடு இவ்வூர்க் கல்லில் இவ்வூர்த் தச்சன் கைவண்ணத்தில் வாழ்ந்தோம் என்பதற்கு நின்று சான்று பகரும் சுவர்களை நாமே தள்ளிவிட்டு, பின்னர் எந்த வாயால் வாதாடப் போகிறோம்? எங்கள் தலைவாசலைச் செதுக்கியவர் பக்கத்து ஊர் ஆசாரி. நிலையின் இருபுறமும் அவர் அறிந்த தாமரையை அவர் செதுக்கினார். மேலே எங்கள் பாட்டனார் எழுதிக் கொடுத்த அரபு எண்ணையும் அவரே செதுக்கினார். ஒரே மரத்தில் இரண்டும் இருந்தன. அந்த மரம் இப்பொழுது மேசையாய்க் கிடக்கிறது.

ஒழுகும் கூரையும் ஒழுகாத சாக்கும்

"எல்லாம் சரி, பழைய வீடு ஒழுகுகிறதே, யார் பராமரிப்பது?" என்பது அடுத்த கேள்வி. இதே சாக்கை நாங்களும் சொன்னவர்கள். ஆகவே அதன் பொய்யை நன்கறிவோம்.

சுண்ணாம்புக் காரையால் கட்டிய சுவர் ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரை விட்டு அரைத்த காரை, ஆண்டு செல்லச் செல்ல இறுகும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, செங்கல்லைத் தின்றுவிடும். நாங்கள் அதைத்தான் செய்தோம். ஒருமுறை ஒழுகியதும் கைக்குக் கிடைத்த சிமெண்டை அப்பினோம். மறுமுறை இன்னும் அப்பினோம். பின்னர், "சுவர் இற்றுவிட்டது" என்று சுவரின் மேல் பழி போட்டோம். ஓட்டுக் கூரையை மழைக்கு முன் ஆண்டுதோறும் பிரித்து, உடைந்த ஓட்டை மாற்றி அடுக்க வேண்டும். எங்கள் பாட்டனார் காலத்தில் அது ஒரு குடும்ப நிகழ்ச்சி. எங்கள் காலத்தில் அதனைப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறைகூடச் செய்யவில்லை. வீடு மூப்பினால் சாகவில்லை, கவனிப்பாரின்றிச் செத்தது.

செலவைப் பற்றியும் ஒரு சொல். இடிப்பதற்கும் கட்டுவதற்கும் நாங்கள் ஐவரும் வாங்கிய கடனைக் கொண்டு அவ்வீட்டை எங்கள் ஆயுள் முழுவதும் செப்பனிட்டிருக்கலாம். இதனைக் கணக்குப் போட்டுப் பார்த்தது இடித்த பிறகுதான்.

கையொப்பமிட்டவர் யார்? கேட்கப்படாதவர் யார்?

இப்பொழுது நாம் சொல்லத் தயங்கிய செய்திக்கு வருகிறோம். எங்கள் அத்தாவுக்கு ஒரு சகோதரி உண்டு. எண்பது வயதைக் கடந்த எங்கள் குப்பியம்மா. அவ்வீட்டில் பிறந்தவர், அதன் தாழ்வாரத்தில் ஓதப் பழகியவர், பாட்டனாரின் மகள் என்ற முறையில் அதில் உரிமைப் பங்குடையவர். பல்லாண்டுகளுக்கு முன்பே ஒரு விடுதலைப் பத்திரத்தில் கைந்நாட்டு வாங்கிக் கொண்டோம். கொடுத்த தொகையை எழுத நாணுகிறோம். "அண்ணன் தம்பி நன்றாயிருந்தால் போதும்" என்று அவர் சொன்னதை வசதியாகப் பிடித்துக்கொண்டோம். வீடு இடிந்த மூன்றாம் நாள் அவர் வந்தார். வெற்றிடத்தைப் பார்த்தார். அழவில்லை. "இடிக்கிறதுக்கு முந்தி ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேப்பா" என்று மட்டும் சொன்னார். இக்கட்டுரையின் தலைப்பு அவர் தந்தது.

நம் சமுதாயத்தில் பழைய வீடுகளின் அழிவைப் பற்றிப் பேசுவோர் இதனை மட்டும் பேசுவதில்லை. பெண்ணின் பங்கை இறைவன் வகுத்திருக்கிறான். அதனைப் பத்திரத்தால் துடைத்துவிட்டு ஆண்மக்கள் மட்டும் கூடி முடிவெடுக்கும் இடத்தில்தான் கடப்பாரை எளிதாக இறங்குகிறது. காரணம் வெளிப்படை. வீட்டினுள் வாழ்ந்தவள் பெண். வீட்டை விலைபேசுபவன் ஆண்.

காயல்பட்டினத்தைப் பாருங்கள். அங்கும் கீழக்கரையிலும் திருமணத்துக்குப் பின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து வாழ்வதே வழக்கம். வீடு மகளுக்கு என்பது மரபு. தெருவுக்குப் பின்னே வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே பெண்கள் மட்டும் நடமாடும் குறுகிய முடுக்குகள் அங்கே உண்டு. ஆடவர் தெருவால் போக, பெண்கள் முடுக்கால் போய் உறவினரைக் கண்டு திரும்புவார்கள். ஊரின் அமைப்பே பெண்ணின் வாழ்வைக் கருதி வகுக்கப்பட்டிருக்கிறது. இம்மரபில் தந்தையர்க்கு ஏற்படும் சுமையையும் நாம் மறைக்கவில்லை. மகளுக்கு ஒரு வீடு என்றால் ஏழைத் தகப்பன் எங்கே போவான்? ஆயினும் வீட்டின் மேல் பெண்ணுக்கு உறுதியான உரிமை இருக்கும் ஊரில் தாய்வீடு என்பது வெறுஞ்சொல்லாய்ப் போய்விடவில்லை. முடுக்குகளை மறித்துக் கட்டடம் எழுப்புவோர் ஒரு சந்தை மட்டும் அடைக்கவில்லை, ஒரு நாகரிகத்தின் நடைபாதையையே அடைக்கிறார்கள் என்பதை அவ்வூர்ப் பெருமக்கள் உணர வேண்டும்.

பங்கு பிரிந்து சிதறுவதற்கு மாற்று வழி இல்லையா? உண்டு. நம் முன்னோர் கண்ட வழி குடும்ப வக்ஃபு. 1894-இல் இங்கிலாந்தின் பிரிவி கவுன்சில் அபுல் ஃபதா வழக்கில் அத்தகைய வக்ஃபு செல்லாது என்று தீர்த்தது. சமுதாயம் இருபதாண்டு போராடி, ஜின்னா கொண்டுவந்த மசோதா 1913-இல் சட்டமாகி, அவ்வுரிமை மீண்டது. 2025-ஆம் ஆண்டின் வக்ஃபு திருத்தச் சட்டத்தைப் பற்றி நமக்குப் பல குறைகள் இருக்கலாம். அவை நீதிமன்றத்திலும் பேசப்படுகின்றன. ஆனால் குடும்ப வக்ஃபு பெண் வாரிசுகளின் பங்கைப் பறிக்கும் கருவியாகக் கூடாது என்று அதில் வந்துள்ள விதியைச் சட்டம் சொல்லித்தானா நாம் கற்க வேண்டும்? சட்டத்துக்கு முன்பே மார்க்கம் சொல்லியிருக்கிறதே! வக்ஃபு வேண்டாமெனில், வாரிசுகளில் ஒருவர் நியாய விலை கொடுத்து மற்றவர் பங்கைப் பெறலாம். அல்லது பங்கைப் பிரிக்காமல் முறை வைத்துக் குடியிருக்கலாம். வழிகள் பல, மனந்தான் இல்லை.

காப்பாற்றுகிறோம் என்று கைப்பற்றுவோர்

இதுவரை இடிப்போரைச் சாடினோம். இனிப் "பாதுகாப்பு" என்ற பெயரால் வருவோரையும் சற்று எடைபோட வேண்டும். அவர்கள் கடப்பாரையோடு வருவதில்லை, காசோலையோடு வருகிறார்கள்.

செட்டிநாட்டு மாளிகைகளைக் காண இன்று உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள். பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் முட்டை வெண்கரு கலந்து மெருகிட்ட சுவரும் புகைப்படங்களில் மின்னுகின்றன. 2014-இல் அவ்வூர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலிலும் ஏறின. அதே காரைக்குடியின் பழம்பொருட் கடைகளில் அம்மாளிகைகளின் தூண்களும் கதவுகளும் துண்டு துண்டாய் விலையாகின்றன. புகழும் சிதைவும் ஒரே தெருவில் அடுத்தடுத்துக் கடை விரித்திருக்கின்றன.

இலங்கையின் காலிக் கோட்டை 1988-இல் உலக மரபுச் சின்னமாயிற்று. ஒல்லாந்தர் கோட்டைச் சுவருக்குள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களில் தமிழ் பேசும் நம் சகோதர முஸ்லிம்கள் கணிசமானோர். 1904-இல் எழுந்த மீரான் பள்ளிவாசல் கலங்கரை விளக்கத்துக்கு எதிரே இன்றும் நிற்கிறது. ஆனால் சுற்றியுள்ள வீடுகள்? அயல்நாட்டார் வாங்கி விடுதிகளாகவும் விடுமுறை மாளிகைகளாகவும் மாற்றிய வீடுகள் பல. சுவர் பிழைத்தது, ஓடு பிழைத்தது, உள்ளே கேட்ட குழந்தைகளின் குரல் பிழைக்கவில்லை. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுனிலும் இதே கதை. நாகூரிலிருந்தும் பரங்கிப்பேட்டையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் சென்ற நம்மவர் பெயரால் சூலியா தெரு இன்றும் விளங்குகிறது. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் அவர்கள் புகழைச் சொல்லுகிறது. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தோடு நீங்கியதும் அத்தெருக்களின் பழங்குடியிருப்பாளர் பலர் வாடகை தாங்காமல் வெளியேறினர். 2008-இல் உலக மரபுப் பட்டம் வந்தபோது, பட்டத்துக்குக் காரணமானவர்களில் பலர் அங்கே இல்லை.

பழைய தென்னக நகரம் என்று அமெரிக்கர் போற்றும் சார்ல்ஸ்டனின் வரலாறு இதனினும் பெரிய பாடம். அந்நாட்டிலேயே முதன்முதலாக, 1931-இல், ஒரு பகுதி முழுவதையும் மரபு வட்டாரமென வரையறுத்துச் சட்டம் செய்த நகரம் அது. அங்கே நெடுங்காலமாக ஆண்டுதோறும் இளவேனிலில் தனியார் இல்லங்களைச் சில நாள் திறந்து வைத்து, வீட்டுக்காரர் இசைவோடு விருந்தினரை அழைத்துக் காட்டும் ஏற்பாடும் உண்டு. பாராட்டத்தக்கதுதான். ஆனால் நெடுங்காலம் அவர்கள் காட்டியது எதை? எசமானரின் கூடத்தை, வெள்ளித் தட்டை, தோட்டத்தை. கொல்லைப்புறத்தில் அடிமைகள் அடைந்து கிடந்த கட்டடத்தைப் பற்றிய பேச்சே இல்லை. செனகல் நாட்டிலிருந்து பிடித்துவரப்பட்டு 1807-இல் அத்துறைமுகத்தில் விற்கப்பட்டவர்களுள் உமர் இப்னு சயீத் என்ற ஓர் ஆலிம் இருந்தார். 1831-இல் அவர் தம் வாழ்க்கையை அரபு மொழியில் எழுதினார். அக்கைப்பிரதி இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் பேணப்படுகிறது. அந்நகரின் மாளிகைகளைக் காணச் சென்ற எத்தனை தலைமுறை விருந்தினர் அவர் பெயரைக் கேட்டிருப்பார்கள்? இன்று அந்நகரின் எய்க்கன்–ரெட் மாளிகையில் அடிமைகளின் குடியிருப்பையும் உள்ளபடியே காட்டுகிறார்கள். காலம் தாழ்ந்த நீதி; ஆயினும் நீதியே.

இதிலிருந்து நாம் பெறும் படிப்பினை இரண்டு. முதலாவது: குடும்பத்தை வெளியேற்றிவிட்டுக் கட்டடத்தைக் காப்பது காப்பாற்றல் ஆகாது. அது பாடம் செய்த மான்தலையைச் சுவரில் மாட்டுவது போன்றது. இரண்டாவது: காக்கும்போது எசமானரின் கூடத்தை மட்டும் காத்தால் அது பாதி உண்மை. எங்கள் வீட்டின் பின்கட்டில் புளி கொட்டையெடுத்த பெண்கள் அமர்ந்த கல்மேடை ஒன்று உண்டு. எத்தனையோ கைகள் தேய்த்துத் தேய்த்து அது கண்ணாடியாய் மின்னியது. அப்பெண்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மேடை ஒன்றே அவர்கள் கையொப்பம். அதையும் உடைத்தோம்.

அனுமதி கேட்டு நுழைக

அப்படியானால் பழைய இல்லங்களைப் பிறர் வந்து காணவே கூடாதா? அவ்வாறு நாம் சொல்லவில்லை. காணாத பொருளைக் காப்பவர் இல்லை. இராமேசுவரத்தின் பள்ளிவாசல் தெருவில் அப்துல் கலாம் வளர்ந்த இல்லத்துக்கு நாள்தோறும் மக்கள் வருகிறார்கள். சுண்ணாம்புக் கல்லும் செங்கல்லும் கொண்டு பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கட்டிய வீடு என்று அவரே தம் வரலாற்றில் குறித்திருக்கிறார். மதவேறுபாடின்றி ஒரு முஸ்லிம் குடும்பத்தின் வாசற்படியை மிதிக்கும் மக்கள், பள்ளிவாசல் தெரு என்ற பெயரையும் அன்போடு உச்சரித்துத் திரும்புகிறார்கள். இதனை எந்த மேடைப்பேச்சு செய்துவிடும்?

ஆனால் வீட்டைக் காண்பதற்கு ஒரு முறை உண்டு. அதனை நமக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. பிறர் இல்லத்தில் அனுமதி பெறாமலும் சலாம் உரைக்காமலும் நுழையாதீர்கள், திரும்பிச் செல்லுங்கள் என்றால் திரும்பிவிடுங்கள் என்னும் கட்டளை அந்நூர் அத்தியாயத்தில் இருக்கிறது. இல்லங்களைக் காண்பதற்கு இதனினும் சிறந்த விதி உலகில் எந்தக் கழகத்தின் ஏட்டிலும் இல்லை. வீடு அருங்காட்சியகமன்று, அங்கே உயிருள்ளோர் வாழ்கிறார்கள். அடுக்களையில் புகைப்படக் கருவியை நீட்டுவோரும், திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போரும் எவ்வளவு கட்டணம் செலுத்தினாலும் விருந்தினர் ஆகமாட்டார்கள்.

ஆகவே நம் ஜமாஅத்துகளின் முன்னும் குடும்பங்களின் முன்னும் சிலவற்றை வைக்கிறோம். பள்ளிவாசல் சொத்துக்குப் பதிவேடு வைப்பது போல், ஊரிலுள்ள பழைய இல்லங்களுக்கும் ஒரு பதிவேடு வையுங்கள்: கட்டிய ஆண்டு, கட்டியவர், வேலை செய்த கொத்தர் தச்சர் பெயர், கதவிலும் தூணிலும் உள்ள எழுத்து. இடிக்க நேர்ந்தால், இடிப்பதற்கு முன் ஒரு மாதம் பொறுத்து, பெட்டியிலும் பரணிலும் உள்ள அரபுத் தமிழ் ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஆண்டுக்கு ஒருநாள், விருப்பமுள்ள குடும்பங்கள் தங்கள் வீட்டுத் திண்ணையையும் முற்றத்தையும் ஊராருக்குத் திறந்து வையுங்கள். எல்லாச் சமயத்தாரும் வரட்டும். பெண்கள் பகுதியைப் பெண்களுக்குப் பெண்களே காட்டட்டும். வீட்டின் கதையை வீட்டுப் பிள்ளைகளே சொல்லட்டும். வீட்டை விற்கவோ இடிக்கவோ முடிவு செய்யும் கூட்டத்தில் அக்குடும்பத்துப் பெண்மக்களை, கைந்நாட்டு வாங்குவதற்காக அன்றி, கருத்துக் கேட்பதற்காக அழையுங்கள்.

இவற்றில் எதற்கும் அரசின் ஆணை தேவையில்லை. அயல்நாட்டுப் பணமும் தேவையில்லை.

எங்கள் வீட்டின் நான்கு தூண்களில் ஒன்று எப்படியோ உடைபடாமல் மிஞ்சியது. இயந்திரம் ஓட்டிய இளைஞர் அதனை ஓரமாக உருட்டி வைத்திருந்தார். "நல்ல வேலைப்பாடாக இருந்தது, மனசு வரவில்லை" என்றார். அவருக்கு வந்த மனம் எங்களுக்கு வரவில்லை. குப்பியம்மாவின் விருப்பப்படி அத்தூணைப் புதுவீட்டின் வாசலில் நிறுத்தியிருக்கிறோம். எதையும் தாங்காத தூண். போவோர் வருவோர் ஏனென்று கேட்கிறார்கள். கேட்பவரிடமெல்லாம் நாங்கள் நடந்ததைச் சொல்லுகிறோம்.

உங்கள் ஊரில், உங்கள் தெருவில், அடுத்த திங்கள் இடிக்கப்பட இருக்கும் ஒரு வீட்டை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அது உங்கள் வீடாகவே இருக்கலாம். கடப்பாரையை எடுப்பதற்கு முன் அவ்வீட்டில் பிறந்த மூதாட்டி ஒருவரை அழைத்து, ஒரு வார்த்தை கேளுங்கள். நாங்கள் கேட்கவில்லை.